அட்டையைத் தின்று பார்க்கும் துலுக்கானம்

அட்டைப்பெட்டிக் கட்டின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவுகிறார். ஒட்டியிருக்கும் விளிம்பில் நகமளவு கிழித்து வாயில் போட்டுக்கொள்கிறார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறார். வெற்றிலை போடுகிறவர்கள்கூட இத்தனை நிதானமாக மென்று நான் பார்த்ததில்லை. பிறகு வாசலோரம் போய்த் துப்பிவிட்டு, "இல்ல. ஏத்து" என்கிறார். அந்தச் சொல்லுக்காக நின்றுகொண்டிருந்த பெண்கள் கட்டைத் தூக்கி லாரிக்குக் கொண்டுபோகிறார்கள். அடுத்த கட்டு வருகிறது. அதிலிருந்தும் ஒன்றை உருவுகிறார்.

மசக்கைக்காரி சாம்பல் தின்பதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை அட்டை தின்பதை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில்தான் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "முதலாளிக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டவர்களும் உண்டு. உடம்புக்கு ஒன்றும் இல்லை ஐயா. அவர் அட்டையில் உப்பைத் தேடுகிறார். உப்பு இல்லையென்றால் பெட்டி குவைத்துக்குக் கப்பலேறும். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்டேட் தபாலாபீசில் நான் குமாஸ்தா. முத்திரை குத்துவது, தந்தி வாங்குவது, பாரம் நிரப்பத் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டே நிரப்பிக் கொடுப்பது என் உத்தியோகம். இங்கிலீஷில் கடிதம் எழுதுவான் என்று எவனோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டதால், பாடியிலிருந்து பட்டரவாக்கம் வரையிலுள்ள சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் உயிரை வாங்குகிறார்கள். துலுக்கானமும் அப்படி வந்தவர்தான். ஒரே ஒரு வித்தியாசம். மற்றவர்கள் தாங்கள் சொல்வதைவிட அழகாக எழுதச் சொல்வார்கள். இவர் தான் சொன்னதை மட்டும் எழுதச் சொல்வார். எழுதி முடித்ததும் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லி, ஒரு சொல் குறைந்திருந்தாலும் விடமாட்டார்.

ருசி பார்த்து முடிந்தால் ஏறி நிற்கும் படலம். ஒரு பெட்டியை மடித்து நிமிர்த்திச் சிமெண்டுத் தரையில் வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்று பீடி பற்றவைப்பார். பீடி தீரும்வரை பெட்டி முனகக் கூடாது. அவர் எடை அறுபத்திரண்டு கிலோ. மாதம் ஒரு தடவை அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் போய் எடை மெஷினில் ஏறி நின்று, அது துப்புகிற அட்டையை எடுத்து வருவார். அட்டையின் பின்புறம் அச்சடித்திருக்கும் பலனை அவர் படித்ததே இல்லை. மூன்று கிலோ கூடியிருந்த ஒரு மாதம், "எடக்கல்லு கள்ளக்கல்லா பூடும் சார்" என்று சொல்லி இராச் சோற்றை நிறுத்திவிட்டார்.

காக்கி அரை நிஜார், பனியன், காதில் ஒரு சிவப்புப் பென்சில். விரல் நுனியெல்லாம் தாள் அறுத்த கீறல்கள். பட்டறையில் ஒரு நாற்காலி உண்டு, வருகிறவர்களுக்காக. அவர் உட்காருவது அட்டைக் கட்டின்மேல். சிரிப்பு அபூர்வம். கோபம் அதைவிட அபூர்வம். எங்கே ஒரு பெட்டியைக் கண்டாலும் அதன் மூலையை அழுத்திப் பார்க்காமல் தாண்டிப்போக அவரால் முடியாது. திருமுல்லைவாயிலில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு யாரோ மேஜை விசிறி கொடுத்திருந்தார்கள். ஊரே விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் பந்தல் ஓரத்தில் குந்திக்கொண்டு அது வந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணப்பெண்ணின் தகப்பனாருக்கு வந்ததே கோபம்!

பட்டறை நிற்கிற இடம் முன்பு நெல் வயல். அவருடைய அப்பா முனியன் அந்த வயலில் படியாள். இவரும் முப்பது வயது வரை அங்கே ஏர் பிடித்தவர். பிறகு பட்டணத்தில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மூட்டை தூக்கி, மெஷின் துடைத்து, மெஷின் ஓட்டி, இராப் பள்ளியில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்து, எழுபத்தொன்றில் எஸ்டேட்டின் கோடியில் ஒரு கொட்டகை போட்டார். "உழுத இடத்திலேயே பட்டறை வச்சிருக்கீங்களே, மனசுக்கு எப்படி இருக்கு?" என்று பத்திரிகைக்காரன் மாதிரி ஒரு தடவை கேட்டுவைத்தேன். "இன்னா கீது? அப்போ வெளைஞ்சத எவனோ துன்னான். இப்போ இருவது ஊட்ல ஒல கொதிக்குது" என்றார். அதற்கு மேல் அந்த வயலைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

அட்டைப்பெட்டி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு தாளுக்கு நடுவில் நெளிநெளியாக ஒரு தாள். மூன்றையும் பிடித்து வைப்பது பசை. மரவள்ளி மாவை அண்டாவில் காய்ச்சுகிற பசை அது. காய்ச்சுகிறவள் கெங்கம்மாள். வயது அறுபது. துலுக்கானத்தின் தெருக்காரி, சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். இவருக்கு அவள் அக்கா, அவளுக்கு இவர் நைனா. பட்டறை முழுக்க 'மொதலாளி' என்று கூப்பிடும்போது அவள் ஒருத்திதான் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாள்.

பசை ஊசிப்போகாமல் இருக்கவும் பூச்சி அரிக்காமல் இருக்கவும் அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பட்டறை தொடங்கிய முதல் வருஷத்திலேயே கெங்கம்மாளின் விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. சோற்றைப் பிசைய முடியாமல் அவள் கரண்டியால் அள்ளித் தின்பதை ஒருநாள் துலுக்கானம் பார்த்துவிட்டார். எழுந்து போய் மயில்துத்தப் பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார்.

"அப்போ பச ஊசிப்பூடுமே நைனா?" என்றாள் அவள். கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளே வழியும் சொன்னாள். "கஞ்சி ஊசாம கீறதுக்கு உப்பு போடறம்ல? இதுவும் கஞ்சிதானே."

"போடு" என்றார் இவர்.

அன்று முதல் அண்டாவுக்கு இரண்டு கை கல்லுப்பு. அதற்கென்று ஒரு பெரிய பீங்கான் ஜாடி அடுப்பங்கரைக்கு வந்தது. விரல் புண்கள் ஆறின. மூன்று வருஷத்தில் ஒரு பெட்டிகூடப் பழுது என்று திரும்பி வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. இங்கே செய்த பெட்டி பத்தே நாளில் பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ பிரிக்கப்பட்டு, அடுப்புக்கும் போயிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் குவைத்து வந்தது. துலுக்கானத்தின் தங்கை மகன் பாஸ்கரன் பாடியில் கடைசல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன், குவைத்தில் ஒரு பிஸ்கோத்துக் கம்பெனியில் மெஷின் பழுதுபார்க்கப் போனான். போன மூன்றாம் மாதம் மாமாவுக்குக் கடிதம் எழுதினான். ஊர் முழுக்கக் கட்டடமாக எழும்புகிறதாம். வேலைக்கு ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறார்களாம். வந்தவர்கள் எல்லோரும் தின்ன வேண்டுமே, அதனால் கம்பெனி நான்கு மாதத்துக்கு ஒரு மெஷின் புதிதாக வாங்குகிறதாம். 'பிஸ்கோத்து மலை மாதிரி குவிஞ்சி கிடக்குது மாமா, போட்டு அனுப்பப் பெட்டிதான் கிடைக்கல' என்று முடித்திருந்தான்.

தபாலாபீஸ் வராந்தாவில் நின்று அந்தக் கடிதத்தைத் துலுக்கானம் மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொய்த்துல மய பெய்யுமா சார்?"

"மழையா? அது பாலைவனம். வருஷத்தில் நாலு தூறல் விழுந்தால் அதிசயம்."

"அப்போ பொட்டிக்கு தோதான ஊருதான்" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. நடுவில் கடல் கிடக்கிறது என்பது அவருக்கும் தோன்றவில்லை, பூகோளம் படித்த எனக்கும் தோன்றவில்லை.

பாரிமுனையில் சம்பத் என்று ஓர் ஏற்றுமதி ஏஜெண்டு. அவர் மூலம் பத்துப் பெட்டி மாதிரிக்குப் போயிற்று, விமானத்தில். மாதிரி பிடித்துவிட்டது. முதல் தவணை ஆறாயிரம் பெட்டி, அது நன்றாக இருந்தால் மாதா மாதம் பத்தாயிரம் என்று ஏற்பாடு. துலுக்கானம் பக்கத்தில் இன்னொரு கொட்டகை போட்டார், இரண்டாவது மெஷின் இறக்கினார். திருமுல்லைவாயிலில் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பதினோரு பெண்களைப் பட்டறைக்கு அழைத்துவந்தார். மண் சுமந்து தலையில் முடி உதிர்ந்துபோன பெண்கள். அவர்களில் வசந்தா என்றவள் முதல் நாள் நிழலில் நின்று வேலை செய்ததும் அழுதே விட்டாளாம். எழுபத்தைந்து ஆனி மாதம், தட்டையாக மடித்துக் கட்டுப் போட்ட ஆறாயிரம் பெட்டிகள் துறைமுகத்துக்குப் போயின. ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டு கப்பல் போய்ச் சேர இருபத்தாறு நாள்.

ஆடிப் பிறப்புக்குப் பிறகு விடுமுறையில் வந்த ஒருவர் கையில் பாஸ்கரன் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தான். பிரித்தால், பெட்டி ஒன்றின் பக்கவாட்டுத் துண்டு. கூடவே நாலு வரி. 'எல்லாம் நமுத்த அப்பளமா கீது மாமா. தூக்கினா மேல்தாளு தனியா, நெளி தனியா வருது. ஆறாயிரமும் இப்படித்தான். எனக்கு இங்க தலைகாட்ட முடியல.'

செய்தி கேட்டு சம்பத் காரில் வந்து இறங்கினார். நானும் அன்று அங்கே இருந்தேன். துலுக்கானத்துக்கு அண்டாப் பசை புளித்துவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் முன்பே உண்டு. அந்த வழக்கத்தில் அட்டைத் துண்டையும் ஒரு விள்ளல் கிழித்து வாயில் போட்டார். முகம் மாறிற்று.

"கரிக்குது" என்றார்.

சம்பத் துள்ளிக் குதித்தார். "கரிக்குதா? அப்ப கடல் தண்ணிதான்! கப்பல்ல தண்ணி புகுந்திருக்கு. தப்பு கப்பல்காரன் மேல. கவலையை விடுங்க துலுக்கானம், இன்னிக்கே எழுதிடறேன்."

துலுக்கானம் மேல்தாளை மட்டும் உரித்துத் தனியாக மென்றார். துப்பினார். நெளித்தாளில் பசை படாத இடமாகப் பார்த்துக் கிழித்து மென்றார். துப்பினார். கடைசியில் இரண்டும் ஒட்டியிருந்த கோட்டை நாக்கில் வைத்தார்.

"கடத்தண்ணி பூந்திருந்தா எல்லாம் கரிக்கணும் சார். மேல்தாளு சப்புனு கீது. பச இருக்கிற எடம் மட்டுந்தான் கரிக்குது." துண்டைத் திருப்பிப் பார்த்து, "மய நாள்ல ஊட்ல உப்பு ஜாடி தண்ணி வுடும்ல? அதான். கடல் காத்துல இருவத்தாறு நாளு கெடந்திருக்கு. தண்ணிய இஸ்துக்கினு ஊறிப் போச்சி" என்றார்.

அடுப்படியில் பசை கிண்டிய துடுப்பு நின்றது. கெங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சம்பத் கெட்டவர் இல்லை. அவர் தொழில் பேச்சுத் தொழில், அதற்கேற்பப் பேசினார். "சரி, நமக்குத் தெரிஞ்சிடுச்சு. இனிமே உப்பைப் போடாதீங்க. ஆனா எழுதும்போது கடல் தண்ணின்னே எழுதுவோம்."

"கப்பல்காரன் இன்னா பண்ணான் பாவம்?" என்றார் துலுக்கானம்.

சம்பத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. யார் தப்பு, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு குவைத்துக் கம்பெனிக்காரன் எழுத்துல கேட்டிருக்கான். உப்பு போட்டது அந்த அம்மாதானே? வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. அவனுக்கு வேண்டியது அதுதான். அந்த அம்மா நாலு மாசம் வீட்ல இருக்கட்டும், அப்புறம் கமுக்கமா சேத்துக்கலாம். இல்லேன்னா குவைத்தை மறந்துடுங்க. இந்தப் பதினோரு பேரையும் திருப்பி மண் சுமக்க அனுப்புங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பதினோரு குடும்பத்துக்காக ஒரு வரிப் பொய். "எழுதிடலாமே" என்று நானும் ஒத்து ஊதினேன். துலுக்கானம் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. போய் அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் தபாலாபீசுக்கு வந்தார். நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரம். "எயுது சார்" என்றார். எழுதினேன். அவர் சொன்னது இதுதான்:

"பசைல உப்பு போட்டது எங்க தப்பு. போடச் சொன்னவன் பேரு துலுக்கானம். அவன இன்னும் வேலைய வுட்டு எடுக்கல, ஏன்னா மொதலாளி அவன்தான். இனிமே உப்பு போடமாட்டான். இன்னொரு தபா பொட்டி அனுப்பறம். நல்லா இருந்தா வெச்சிக்குங்க. இல்லாட்டி கடல்ல போடுங்க."

"கெங்கம்மாள் பேர் எங்கேயும் வரவேண்டாமா?" என்று கேட்டேன்.

"அக்கா வயி சொல்லுச்சி, அவ்ளோதான். போடுன்னு சொன்ன வாயி என்துதானே சார்? அத்தோட பேரு எதுக்கு கடலு தாண்டிப் போயி கெடணும்?"

கடைசி வரியை நான் விட்டுவிட்டேன். வியாபாரக் கடிதத்தில் கடலில் போடு என்று எவனாவது எழுதுவானா? திருப்பிச் சொல்லும்போது பிடித்துவிட்டார். "கடலு எங்க சார்?" என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இரண்டாயிரம் பெட்டி அனுப்பலாம். இதுவே கடைசித் தடவை. வேறு ஒரு சொல் இல்லை.

அந்தப் பதில் வருவதற்கு முன்பே துலுக்கானம் பட்டறைக்குப் பின்னால் ஒரு கப்பல் கட்டியிருந்தார். தண்ணீர் பிடிக்கும் பழைய சிமெண்டுத் தொட்டி அது. அடியில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு, செங்கல் வைத்து, பலகை போட்டு, மேலே பெட்டிக் கட்டுகளை அடுக்கி, ஈரச் சாக்கால் மூடிவிட்டார். பாதிப் பெட்டிகள் உப்புப் போட்டு ஒட்டிய பழையவை, மீதி உப்பில்லாமல் ஒட்டிய புதியவை. கணக்காக இருபத்தாறு நாள். தினமும் காலையில் சாக்கை நனைப்பார். "கப்பலு எங்க போய்கினு கீது மொதலாளி?" என்று பெண்கள் கேட்பார்கள். "பம்பாய தாண்டிச்சி" என்பார், சிரிக்காமல்.

இருபத்தாறாம் நாள் சாக்கை விலக்கினார்கள். உப்புப் பெட்டிகள் பூஞ்சைக் காளான் பூத்துத் தோல் தோலாக உரிந்துகிடந்தன. உப்பில்லாதவை கொஞ்சம் தளர்ந்திருந்தனவே தவிர, ஒட்டு விடவில்லை. ஒன்றை நிமிர்த்திப் பலகை போட்டு ஏறி நின்றார். ஒரு பீடி தீர்ந்தது. இன்னொன்று பற்றவைத்தார். கெங்கம்மாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உரிந்துபோன பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

உப்பு இல்லை, மயில்துத்தமும் இல்லை என்றால் பசை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. மயில்துத்தத்துக்கே திரும்பிவிடலாம் என்று சம்பத் சொல்லிப் பார்த்தார். "அக்கா கரண்டில துன்னத நீ பாத்தியா சார்?" என்றதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும், பொழுது சாய்வதற்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் மண்ணூர்ப்பேட்டை எருமைகளுக்கு. இப்போதும் அதுதான் முறை. விடிகாலையில் வந்து அடுப்பு மூட்டுகிறவர் துலுக்கானம். வேலை ஆட்கள் வரும்போது அண்டா கொதித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரம் பெட்டிகள் கப்பலேறின. அதற்குப் பிறகுதான் இன்னொரு விஷயம் எங்களுக்குத் தெரிய வந்தது.

மத்தியானத்தில் பெண்கள் கொட்டகை நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் வசந்தா சுட்ட கருவாட்டை நீட்டினாள். கெங்கம்மாள் தலையை ஆட்டினாள். ஊறுகாயும் வேண்டாமாம். வசந்தா விளையாட்டாக அவள் தூக்குக் கூழில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அய்ய! இன்னாமா இது, ஒரு கல்லு உப்பு இல்ல?" என்று கத்திவிட்டாள். அப்போதுதான் கணக்குப் போட்டார்கள். அந்த அட்டைத் துண்டு வந்த நாளிலிருந்து கெங்கம்மாள் உப்பே சேர்க்கவில்லை.

வெயில் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். அறுபது வயது உடம்பு எவ்வளவுதான் தாங்கும்? புரட்டாசியில் ஒருநாள் துடுப்போடு அப்படியே சரிந்துவிட்டாள். நல்லவேளை, அண்டாப் பக்கம் விழவில்லை. துலுக்கானம் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முதலில் உப்புப் போட்டுச் சாப்பிடச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாளும் உப்பில்லாத கூழ்தான்.

"யக்கா, கப்பலுக்கும் உன் நாக்குக்கும் இன்னாக்கா?" என்று துலுக்கானம் அவள் எதிரில் குந்திக்கொண்டு கேட்டார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"நீ எல்லாத்தையும் உன் தலமேல போட்டுக்கினே. நான் இன்னாத்த போட்டுக்குவேன் நைனா?" என்றாள் அவள். "அம்மனாண்ட சொல்லிட்டேன். பொட்டி நல்லபடியா போயி சேர்ர வரிக்கும் வாணாம். சேரலன்னா, என்னிக்குமே வாணாம்."

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. அம்மனிடம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அடுப்படியில் இருந்த உப்பு ஜாடியைத் துணியால் வாய் கட்டிப் பரண்மேல் ஏற்றிவைத்தார். வருகிறவர்களுக்கென்று கிடந்த நாற்காலியைத் தூக்கி அடுப்பு ஓரத்தில் போட்டார். அவள் அதில் உட்காரவில்லை. அன்று முதல் தினமும் தபாலாபீஸ் திறக்கும்போதே வாசலில் நிற்க ஆரம்பித்தார்.

"தந்தி கிந்தி வந்துதா சார்?"

"வந்தால் நானே கொண்டுவர மாட்டேனா? போங்களேன்" என்று எரிந்து விழுவேன். அவர் போன பிறகு எனக்கே கஷ்டமாக இருக்கும். ராட்டினம் மாதிரி ஒரே நினைப்பு என் தலையில் சுற்றும். பெட்டி இந்தத் தடவையும் நமுத்துப்போனால் பதினோரு பெண்கள் மண் சுமக்கப் போவார்கள். அது ஒரு கஷ்டம், தெரிந்த கஷ்டம். ஆனால் இந்த அம்மாள்? சேரலன்னா என்னிக்குமே வாணாம் என்றாளே!

சென்ற ஐப்பசியில் ஒரு மத்தியானம் தந்தி வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆபீசில் ஆள் உண்டு. இருந்தாலும் நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். விதிப்படி அது குற்றம். போனபோது துலுக்கானம் பெட்டிமேல் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பீடியை எடுத்தவர் எடுத்த கையோடு நின்றுவிட்டார். இறங்கவில்லை. நானும் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றியபடியே பிரித்து, தமிழில் உரக்கப் படித்தேன்.

"பெட்டிகள் நல்லபடி வந்து சேர்ந்தன. மாதம் பத்தாயிரம் அனுப்பவும். கடலில் போடவில்லை."

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். வசந்தா ஓடிவந்து தந்தியை என் கையிலிருந்து பிடுங்கி, தலைகீழாக வைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாவது மெஷினை யாரோ நிறுத்தினார்கள். துலுக்கானம் பெட்டியிலிருந்து மெதுவாக இறங்கினார். பாதிப் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். உள்ளே போய் ஏணியைச் சாய்த்துப் பரண்மேல் ஏறி அந்த ஜாடியை இறக்கினார். துணிக் கட்டை அவிழ்த்தார். உப்பு கட்டிபட்டுப் போயிருந்தது. பென்சில் முனையால் குத்திப் பெயர்த்தார்.

கெங்கம்மாள் கொட்டகை நிழலில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. துலுக்கானம் அவள் எதிரில் குந்தினார். நாலைந்து கல்லை அவள் கூழில் போட்டார். தாள் அறுத்த அந்த விரலாலேயே கலக்கினார். விரலை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, இன்னும் ஒரு கல்லைப் போட்டார்.